மாரத்தான் ஓட்டமா, வயித்தோட்டமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஷூ பத்தி எழுதினப்ப கடைசியில ஒரே ஒரு வரி, "ஓடறப்ப வயித்துப் பிரச்சனை இருந்தா எழுதுங்க"ன்னு போட்டிருந்தேன். அவ்ளோதான், ஷூவுக்கு வந்ததை விட மூணு மடங்கு லெட்டர். முட்டி வலின்னா ஊருக்கே சொல்லிட்டு நொண்டி நொண்டி நடப்போம், வயிறு கலக்குச்சுன்னா மட்டும் வாயே தொறக்க மாட்டோம், அதான் இத்தனை நாளா எல்லாரும் மனசுக்குள்ளயே வெச்சு புழுங்கியிருக்கீங்க போல. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. பதினாலு வருஷமா ஓடறேன், சைக்கிள் மிதிக்கிறேன், நடுரோட்ல வாந்தி எடுத்திருக்கேன், விடியக்காலை பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் சாவிக்கு கெஞ்சியிருக்கேன். எங்க டாக்டர்கிட்ட போகணுமோ அங்க போங்கன்னு சொல்லிடுவேன். பேரு போட வேணாம்னு நிறைய பேரு கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும்.

அண்ணா, இது என் முதல் ஃபுல் மாரத்தான். பிராக்டிஸ்ல 32 கிலோமீட்டர் வரைக்கும் ஓடினேன், ஒரு பிரச்சனையும் இல்ல. ரேஸ் அன்னிக்கு முதல் 10 கிலோமீட்டர் 58 நிமிஷத்துல முடிச்சேன், பிராக்டிஸ்ல 68 ஆகும். 18, 20, 23, 25, 27-வது கிலோமீட்டர்னு அஞ்சு எனர்ஜி ஜெல் (பாக்கெட்ல வர்ற இனிப்பு கூழ்), கூடவே வழில தண்ணி ஸ்டேஷன்ல குடுத்த ஆரஞ்சு டிரிங்க். 28-ல வயிறு இறுக ஆரம்பிச்சு 30-ல குமட்டி 33-ல பாத்ரூம் தேடி ஓடினேன். ஜெல் கம்பெனி சரியில்லையா? – மடிப்பாக்கம்

தம்பி, கம்பெனிய விடுங்க. உங்க லெட்டர்லயே பதில் இருக்கு, நீங்க பெருமையா எழுதின வரியில. 68 நிமிஷம் ஓடறவர் 58-ல ஓடியிருக்கீங்க பாருங்க, வயிறு அங்கயே கையெழுத்து போட்டு ராஜினாமா பண்ணிருச்சு, உங்களுக்கு தகவல் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அவ்ளோதான்.

நடக்கறது என்னன்னா, வேகம் ஏற ஏற காலுக்கு ரத்தம் வேணும், உடம்பு சூட தணிக்க தோலுக்கும் ரத்தம் வேணும். எங்கேருந்து எடுக்கும்? வயித்துக்கும் குடலுக்கும் போறதுலேருந்துதான். ரொம்ப கடுமையா ஓடறப்ப குடலுக்கு போற ரத்தம் 80 சதவீதம் வரைக்கும் கூட குறையலாம்னு அளந்து பாத்திருக்காங்க. கல்யாண வீட்ல சமையல்கட்டு ஆளுங்க எல்லாரையும் பந்தி பரிமாற அனுப்பிட்டா அடுப்புல இருக்கறத யாரு கிண்டுவா, அடிப்பிடிக்கும்ல, அந்த கதைதான். அதுவும் நம்ம கடற்கரை ஊர்ல காலையில அஞ்சு மணிக்கே பிசுபிசுன்னு இருக்கும், வேர்வை வழியுமே தவிர காயாது, சூடு இறங்காது, அதனால தோலுக்கு இன்னும் ரத்தம் போகும், குடலுக்கு இன்னும் கொறையும். போதாக்குறைக்கு மூணு நாலு மணி நேரம் குலுங்கிட்டே வேற இருக்கு.

இப்படி ஆளில்லாத அடுப்புல நீங்க என்ன ஏத்தினீங்கன்னு ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஜெல்ல சுமார் 25 கிராம் மாவுச்சத்து. 18-லேருந்து 27-க்குள்ள அஞ்சு, அதாவது 125 கிராம், உங்க வேகத்துல அது ஒரு மணி நேரம் கூட இல்ல. சக்கரைல ரெண்டு வகை, குடல்ல குளுக்கோஸ் உள்ள போறதுக்கு ஒரு வாசல், ஃப்ரக்டோஸுக்கு வேற வாசல். குளுக்கோஸ் வாசல்ல மணிக்கு சுமார் 60 கிராம்தான் நுழையும். ரெண்டு வாசலையும் சேத்து பயன்படுத்தினா, நல்லா பழகின வயிறு 90 வரைக்கும் தாங்கும். நீங்க 125 அனுப்பி, அதுக்கு மேல இனிப்பு டிரிங்க்கும் ஊத்தியிருக்கீங்க. உள்ள போக முடியாத சக்கரை குடல்லயே நிக்கும், நின்னா உடம்புலேருந்து தண்ணிய தன் பக்கம் இழுக்கும், அதுதான் முதல்ல உப்புசம், அப்புறம் 33-வது கிலோமீட்டர். ஜெல்லுக்கு வெறும் தண்ணி, டிரிங்க் குடிச்சா ஜெல் கிடையாது. இத ஒரு சீட்டுல எழுதி ரேஸ் நம்பருக்கு பின்னாடி ஒட்டிக்கோங்க.

அடுத்த தடவைக்கு என்ன பண்ணலாம்னா, காலுக்கு பிராக்டிஸ் குடுத்த மாதிரி வயித்துக்கும் குடுங்க. 32 கிலோமீட்டர் ஓடினப்ப எத்தனை ஜெல் எடுத்தீங்கன்னு லெட்டர் முழுக்க தேடினேன், இல்ல, எடுத்திருக்க மாட்டீங்க. ரேஸுக்கு எட்டு வாரம் முன்னாடிலேருந்து ஞாயித்துக்கிழமை லாங் ரன் ஒவ்வொண்ணுலயும் சாப்பிட்டுட்டே ஓடுங்க. முதல் ரெண்டு வாரம் மணிக்கு 30 கிராம், அதாவது ஒரு ஜெல்லும் ஒரு வாய் ஏதாவதும். அப்புறம் 40, அப்புறம் 50, 60. நாலரை மணி நேரத்துல முடிக்கிறவருக்கு 60-க்கு மேல தேவையே இல்ல, 90 எல்லாம் முன்வரிசைல ஓடறவங்க கணக்கு. ஒரே மூச்சுல ஒரு ஜெல்ல விழுங்காம 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. பழகும், நிஜமாவே பழகும், ரெண்டு வாரம் ஓடறப்ப தொடர்ந்து சாப்பிட்டு பழக்கினாலே தொல்லை கொறையறத ஆராய்ச்சில பாத்திருக்காங்க. ஜெல் பிடிக்கலன்னா விடுங்க, நம்ம சக்கரையே பாதி குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ்தான், ரெண்டு வாசலுக்கும் ஆளு இருக்கு. 25 கிராம் வெல்லம் ஏறக்குறைய ஒரு ஜெல்லுக்கு சமம், பேரீச்சம்பழம் மூணு நாலு போட்டாலும் அதே கணக்கு. கடலைமிட்டாய் மட்டும் வேணாம், கொழுப்பு ஜாஸ்தி, வேகமா ஓடறப்ப வயித்துல கல்லு மாதிரி உக்காரும். முடிச்சதுக்கு அப்புறம் சாப்பிடுங்க.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். ஒரு 50 கிலோமீட்டர் ரேஸுக்கு முந்தின நாள் நம்பர் வாங்க போன எடத்துல யாரோ இலவசமா ஒரு புது ஜெல் குடுத்தாங்க, காஃபி ஃப்ளேவர். ஓசின்னா நமக்கு ஒரு இது இருக்குல்ல, மறுநாள் அதையே எடுத்தேன். அடுத்த பதினைஞ்சு கிலோமீட்டர் ஒவ்வொரு முந்திரி புதரும் எனக்கு அத்துப்படி.

எங்க ஊரு ரேஸ் காலையில நாலரைக்கு. மூணு மணிக்கு எழுந்தா வயிறு அசையவே மாட்டேங்குது, ஆனா கரெக்டா ஆறாவது கிலோமீட்டர்ல கூப்பிடுது. கார்ப் லோடிங்னு சொன்னாங்கன்னு முந்தின நாள் ராத்திரி பரோட்டாவும் சன்னா மசாலாவும் சாப்பிட்டேன். பீரியட்ஸ் டைம்ல ரேஸ் வந்தா இன்னும் மோசம். ஆம்பளைங்களுக்கு ரோட்டோரம் இருக்கு, நாங்க எங்க போறது? – கோயம்புத்தூர் வாசகி

கடைசி கேள்வி ரேஸ் நடத்தறவங்க பதில் சொல்ல வேண்டியது. மூவாயிரம் பேர் ஓடற ரேஸ்ல ஸ்டார்ட்ல ஆறு பாத்ரூம், நடுவுல ஒண்ணுமே இல்ல, அதுவும் தண்ணி வராத ஆறு. நாம ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி மெடல் எப்படி இருக்கும், டீ-ஷர்ட் என்ன கலர்னு கேக்கறோம், ரூட்ல எத்தனை டாய்லெட்னு ஒருத்தர் கூட கேக்கறதில்ல. கேளுங்க, நாலு பேரு கேட்டா வெப்பாங்க. கூச்சம் வேணாம். 2005 லண்டன் மாரத்தான்ல பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்க்ளிஃப் கடைசி கட்டத்துல, டிவி கேமரா பாத்துட்டு இருக்கப்பவே, ரோட்டோரமா உக்காந்து எழுந்து போயிட்டாங்க. 2 மணி 17 நிமிஷம் 42 செகண்ட்ல ஜெயிச்சாங்க. அவங்க ஒதுங்கினத இன்னிக்கும் எல்லாரும் பேசறாங்க, ரெண்டாவது வந்தது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். கார்ப் லோடிங்னா ஒரே ராத்திரில முட்ட முட்ட தின்றது இல்லங்க, கடைசி ரெண்டு நாள் தட்டுல சோறு கொஞ்சம் கூட, கூட்டு பொரியல் கொஞ்சம் கொறைவா, அவ்ளோதான். பரோட்டால எண்ணெய், சன்னால வாயு, ரெண்டும் சேந்தா ஆறாவது கிலோமீட்டர் வரைக்கும் தாங்கினதே பெருசு. ரேஸுக்கு முந்தின நாள் வெள்ளை சோறு, தயிர், ரசம்னு முடிச்சுக்கோங்க, சாயந்தரம் ஏழு மணிக்குள்ள. கீரை, சுண்டல், கொண்டக்கடலை, முட்டைகோஸ் வேணாம். சிறுதானியம் உடம்புக்கு நல்லதுதான், நானும் சாப்பிடறேன், ஆனா முந்தின நாள் வேணாம், நார் ஜாஸ்தி. வெங்காயம், பூண்டுல இருக்கற ஒரு வகை சத்து சிலருக்கு செரிக்காம குடல்ல புளிச்சு வாயுவாகும், அப்படிப்பட்ட ஆளா நீங்கன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சாம்பார விட்டுட்டு ஓடி பாருங்க, தெரிஞ்சுடும். பாலும் அப்படித்தான், நம்மள்ல நிறைய பேருக்கு பெரியவங்களான அப்புறம் பால் சரியா செரிக்கறதில்ல, தயிர், மோர் பரவாயில்ல.

காலையில மூணு மணிக்கு எழுந்தா போதாது. ரெண்டு மணிக்கு எழுந்திருங்க, கோவமா பாக்காதீங்க, காரணம் இருக்கு. வயித்துக்குள்ள எதாவது போனாத்தான் பெருங்குடலுக்கு "எடம் காலி பண்ணு"ன்னு தகவல் போகும். எழுந்ததும் வெந்நி, பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டு இட்லி, சக்கரை தொட்டுக்கிட்டு, சட்னி சாம்பார் கிடையாது. இல்லன்னா ஜாம் தடவின வெள்ளை பிரெட். அப்புறம் பழக்கம் இருந்தா ஒரு சின்ன டம்ளர் காபி, நிறைய பேருக்கு காபி குடிச்சாத்தான் வண்டி கிளம்பும், பால் ஒத்துக்காதவங்க கடுங்காபி. கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளயே நடங்க. கடைசி ஒரு வாரம் இதே நேரத்துக்கு எழுந்து பழகினா குடலும் அந்த டைமுக்கு பழகிடும். எனக்கு அஞ்சு நாள் ஆச்சு, வீட்ல திட்டினாங்க, வேலை செஞ்சுது.

பீரியட்ஸ் பத்தி நீங்க சொல்றது பிரமை இல்ல. அந்த நாள்ல கர்ப்பப்பைய சுருங்க வெக்கற ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒரு சுரப்பு இருக்கு, அது பக்கத்துல இருக்கற குடலையும் சேத்து முறுக்கும், அதனாலதான் லூஸா போறது. அந்த ரேஸ்ல வேகத்த கொறச்சு, ஜெல்லையும் கொறச்சு ஓடுங்க. வலிக்கு மாத்திரை போடறவங்க அதுக்குன்னே கீழ ஒரு கேள்வி இருக்கு, அத கண்டிப்பா படிங்க.

அஞ்சரை மணி நேரம் மாரத்தான். எல்லா ஸ்டேஷன்லயும் ரெண்டு கப் தண்ணி விடாம குடிச்சேன், "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும்"னு குரூப்ல சொன்னாங்க. முடிக்கறப்ப தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் கழட்ட முடியல. டீஹைட்ரேஷன்னு சொல்லி இன்னும் ரெண்டு பாட்டில் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து எடை பாத்தா ஓடறதுக்கு முன்னாடி இருந்தத விட 1.2 கிலோ கூட! – திருச்சி

சார், இந்த லெட்டர படிச்சப்ப எனக்கு கை நடுங்கிருச்சு. ரெண்டு பாட்டில குடுத்தவங்க நல்ல மனசோடதான் குடுத்திருப்பாங்க, ஆனா நீங்க தப்பிச்சது அதிர்ஷ்டம். நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினவன் எடை கொறையணும், கொஞ்சமாவது கொறையணும். ஏறியிருக்குன்னா போனத விட வந்தது ஜாஸ்தி. ரத்தத்துல உப்பு நீர்த்துப் போச்சு, அதுக்கு பேரு ஹைப்போநெட்ரீமியா. சோடியம் அளவு 135-க்கு கீழ போனா அதுதான். குமட்டல், தலைவலி, வீக்கம்னு ஆரம்பிக்கும், மோசமானா மூளை வீங்கி குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 28 வயசு பொண்ணு ஒருத்தர் இதுல இறந்தே போனாங்க. அதே ரேஸ்ல 488 பேரோட ரத்தத்த எடுத்து பாத்தா 13 சதவீதம் பேருக்கு சோடியம் கொறைவு. முக்கியமா யாருக்குன்னா, ஓடறப்ப எடை ஏறினவங்களுக்கும், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடினவங்களுக்கும். மெதுவா ஓடறவனுக்குத்தான் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நின்னு நிதானமா குடிக்க நேரம் இருக்கு பாருங்க.

தாகம் எடுத்தா குடிங்க, எடுக்கலன்னா விடுங்க. தாகம்ங்கறது உடம்பு நமக்காக வெச்ச மீட்டர், அத நம்பாம குரூப்ல வந்த ஃபார்வர்ட நம்பறோம். உங்க அளவு தெரியணும்னா ஒரு நாள் ஓடறதுக்கு முன்னாடியும், ஒரு மணி நேரம் ஓடி தொடச்சிட்டு வந்தும் எடை பாருங்க, கொறைஞ்சதோட நடுவுல குடிச்சதையும் சேத்தா அதுதான் மணிக்கு உங்க வேர்வை. அதுக்கு மேல குடிக்கவே கூடாது, கொஞ்சம் கீழயே இருக்கலாம்.

"உப்பு போட்டு குடிச்சா சரியாயிடுமா"ன்னு அடுத்து கேப்பீங்க. அளவுக்கு மேல குடிச்சா எந்த டிரிங்க்கும் காப்பாத்தாது, அது முதல்ல. ஆனா வெயில்ல நாலு மணி நேரத்துக்கு மேலன்னா வெறும் தண்ணிய விட உப்பும் சக்கரையும் கலந்தது வயித்துக்கு சுகம், ஏன்னா குடல்ல குளுக்கோஸ் வாசல் சொன்னேன்ல, அந்த வாசல்ல குளுக்கோஸ் தனியா நுழையாது, சோடியத்த கைய பிடிச்சுகிட்டுதான் நுழையும், பின்னாடியே தண்ணியும் போகும். 1971-ல வங்கதேச அகதிங்க முகாம்ல காலரா பரவினப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரம் டிரம்மா உப்பு சக்கரை தண்ணி கலந்து குடுத்து அத்தனை உயிர காப்பாத்தினாரே, அதே வாசல்தான். ஓஆர்எஸ் பாக்கெட்ல ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதனால அது உப்புக்கு, சாப்பாட்டுக்கு பதில் இல்ல. கலக்கறப்ப பாக்கெட்ல போட்ட அளவு தண்ணிக்கு முழு பாக்கெட்டையும் போடுங்க, "கொஞ்சம் திக்கா இருக்கட்டும்"னு அர லிட்டர்ல கலக்காதீங்க, வயிறு மறுபடி ஜெல் கதைதான். இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி, சோடியம் கம்மி, ருசிக்கு குடிங்க, உப்புக்கு நம்பாதீங்க. நீர்மோர்ல உப்பு போட்டது எனக்கு பிடிச்சது, மோர் ஒத்துக்கற ஆளுங்களுக்கு மட்டும்.

ஒருத்தர் ரேஸ் முடிச்சிட்டு வாந்தியும் எடுக்கறார், பேச்சும் குளறுதுன்னா வாயில தண்ணி ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரி, "நிறைய தண்ணி குடிச்சார்"ங்கறத டாக்டர்ட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க.

600 கிலோமீட்டர் பிரெவே (டைமுக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) பண்றேன், 40 மணி நேரம் டைம். எப்பவும் 280, 300 தாண்டினதும் இனிப்ப பாத்தாலே குமட்டும், எதுவும் இறங்காது. ராத்திரி ஹைவே ஓட்டல்ல பசிக்குதேன்னு சால்னாவோட சாப்பிட்டா நெஞ்செரிச்சல். ரெண்டு தடவை விட்டுட்டு பஸ்ல வந்துட்டேன். – சேலம்

பஸ் டாப்ல சைக்கிள ஏத்தறதுக்கு கண்டக்டர்கிட்ட பேரம் பேசின அனுபவம் எனக்கும் உண்டு, அதனால உங்க கஷ்டம் புரியுது. முதல்ல ஒரு ஆறுதல். அமெரிக்கால வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு 100 மைல் ஓட்டம் இருக்கு, அங்க ஒரு வருஷம் 272 பேர்ட்ட கேட்டதுல 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வயித்து தொல்லை. பாதில விட்டவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல வயித்தாலதான் விட்டாங்க, அதுலயும் குமட்டல்தான் முதல் எதிரி. உலகத்துல தேர்ந்தெடுத்த ஓட்டக்காரங்க கதியே இது.

பதினஞ்சு மணி நேரம் இனிப்பாவே தின்னா நாக்கு வெறுத்துடும், அது வயித்துக் கோளாறே இல்ல, சலிப்பு. ஆரம்பத்துலேருந்தே உப்பையும் இனிப்பையும் மாத்தி மாத்தி வைங்க. சைக்கிள்காரனுக்கு ஓட்டக்காரன விட ஒரு சலுகை, குலுக்கல் இல்ல, வேகமும் நிதானம், அதனால நிஜ சாப்பாடே இறங்கும். என் பையில எப்பவும் ஒரு சின்ன டப்பா தயிர் சோறு, நல்லா கொழைய வெச்சு, கடுகு மிளகாய் தாளிக்காம, உப்பு தூக்கலா. வெயில்ல புளிச்சுடும், அதனால முதல் ஆறு மணி நேரத்துக்குள்ள காலி பண்ணிடணும். அப்புறம் வேக வெச்ச உருளைக்கிழங்கு உப்பு தொட்டு. தென்னாப்பிரிக்கால காம்ரேட்ஸ்னு சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம், 1921-லேருந்து நடக்குது, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவுல. அங்க வழி நெடுக மேசைல உப்பு போட்ட உருளைக்கிழங்குதான் ஃபேமஸ். நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடைல உருளைக்கிழங்கு கிடைக்காது, பன்னும் பொறையும் கிடைக்கும், அதுவும் வயித்துக்கு பஞ்சு மாதிரி. இட்லி கிடைக்கற கடைன்னா யோசிக்கவே வேணாம்.

நெஞ்செரிச்சலுக்கு சால்னா பாதி காரணம், நீங்க குனிஞ்சு உக்கார்றது மீதி. சாப்பிட்டு இருபது நிமிஷம் ஹேண்டில்பார் மேல்பக்கம் பிடிச்சு நிமிந்து மெதுவா மிதிங்க. தொப்பைய இறுக்கற பெல்ட்டு, பை எல்லாம் தளர்த்துங்க.

குமட்டல் வந்தே வந்திடுச்சு, என்ன பண்றதுன்னா, அதுக்கு மேல ஒண்ணும் திணிக்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான், "சக்தி போயிடும்"னு பயந்து இன்னொரு ஜெல் போடுவாங்க. வண்டிய ஓரம் கட்டுங்க, இல்லன்னா நடக்கற வேகத்துக்கு கொண்டு வாங்க. தலைலயும் கழுத்துலயும் தண்ணி ஊத்துங்க, நிழல். பதினஞ்சு இருபது நிமிஷம் வாயில ஒண்ணும் வேணாம். உடம்பு சூடு எறங்கினா ரத்தம் குடலுக்கு திரும்பும், ஒரு ஏப்பம் வரும் பாருங்க, அதுதான் கடை தொறந்தாச்சுங்கற அறிவிப்பு. அப்புறம் ரெண்டு மடக்கு தண்ணி, அஞ்சு நிமிஷம், இன்னும் ரெண்டு மடக்கு, ஒரு கடி பொறை. வாந்தி எடுத்துட்டா பயப்படாதீங்க, பல நேரம் அதுக்கப்புறம்தான் மனுஷன் தெளிவாவான், நானே வாந்தி எடுத்து அர மணி நேரத்துல நல்லா மிதிச்சிருக்கேன். ஆனா தண்ணி கூட நிக்காம திரும்ப திரும்ப எடுத்தா பஸ்ஸ நிறுத்துங்க, வெட்கம் இல்ல. இஞ்சி, சுக்கு சிலருக்கு குமட்டல கொறைக்குது, எனக்கு இஞ்சி மரப்பா கேக்குது, ராத்திரில ஒண்ண கன்னத்துல அடக்கிட்டா மணிக்கணக்கா ஓடும்.

ரேஸ் காலையில ஒரு ஐப்யூபுரூஃபன் போட்டுட்டு ஓடினா வலி தெரியாதுன்னு எங்க கோச்சே சொல்றார். போடலாமா? – வேளூர் பக்கம்

வேணாம். அந்த இன மாத்திரைங்க எல்லாமே, டைக்ளோஃபினாக், பீரியட்ஸ் வலிக்கு போடற மெஃபெனமிக் ஆசிட் உட்பட, வயித்து உள்சுவர பாதுகாக்கற சுரப்பையே கொறைக்கும். ஏற்கனவே ரத்தம் கொறஞ்சு வாடிக் கிடக்கற குடல், அதுல இது. கிட்னிக்கும் கேடு, அதுவும் வேர்த்து வத்தின நேரத்துல. மேல சொன்ன வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்லயே இத போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டு பாத்தாங்க. போட்டவங்களுக்கு தசை வலியும் கொறையல, குடல்லேருந்து கிருமி நஞ்சு ரத்தத்துல கசியறது மட்டும் ஜாஸ்தி ஆயிருந்துச்சு. காசும் குடுத்து கேடும் வாங்கற கதை. பீரியட்ஸ் வலிக்கு என்ன போடலாம்னு உங்க டாக்டர்ட்ட, "அன்னிக்கு 21 கிலோமீட்டர் ஓடப்போறேன்"ன்னு சொல்லி கேளுங்க. பேதிய நிறுத்தற மாத்திரைய பாக்கெட்ல வெச்சுகிட்டு ஓடறவங்களும் இதே மாதிரி முதல்ல கேட்டுட்டு வைங்க.

லாங் ரன் முடிச்சு வந்தா ரெண்டு தடவை மலத்துல ரத்தம் மாதிரி தெரிஞ்சுது. மூலமா இருக்கும்னு விட்டுட்டேன். – பெயர், ஊர் வேண்டாம்

விடாதீங்க. நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் குடல் சுவர் லேசா காயமாகி ரத்தம் கசியறது நடக்கறதுதான், ஆனா அதுதானா வேற எதாவதான்னு உக்காந்த எடத்துல நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. கருப்பா தார் மாதிரி போனாலும் இதேதான். இந்த வாரமே டாக்டர பாருங்க, அது வரைக்கும் ஓடாதீங்க, முன்னாடி கேள்வில சொன்ன மாத்திரைங்கள தொடவே தொடாதீங்க.

நான் மாரத்தான் ஓடறவன் இல்ல, 61 வயசு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை. மூணாவது நாள் ஆனா வயிறு கெட்டுடுது. இந்த பகுதில எனக்கும் பதில் உண்டா? – தேவகோட்டை

ஐயா, நாலஞ்சு நாள் செருப்பில்லாம நடக்கறீங்க, இங்க எழுதியிருக்கற எங்க எல்லாரையும் விட பெரிய ஓட்டக்காரர் நீங்கதான். ஆனா உங்க பிரச்சனை வேற. நடக்கற வேகத்துல குடலுக்கு ரத்தம் அவ்வளவா கொறையாது, மூணாவது நாள் கெடுதுன்னா தண்ணியும் கையும்தான். வழில அன்னதானம் போடறவங்க புண்ணியவான்கள், சூடா ஆவி பறக்க எலைல விழறத தாராளமா சாப்பிடுங்க. காலையில வெச்சு மத்தியானம் போடற தயிர் சாதம், வெட்டி வெச்ச தர்பூசணி, டிரம்ல எல்லாரும் கைய விட்டு மொண்டு குடிக்கற பானகம், இத மட்டும் கும்பிட்டுட்டு தள்ளி போங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும், விபூதி பையோட ஒரு சின்ன சோப்பும் இருக்கட்டும். நாலு ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துட்டு போங்க. ஒவ்வொரு பந்திலயும் உக்காரணும்னு வேண்டுதல் இல்லல்ல, மூணு வேளை போதும், நடுவுல வாழைப்பழம். சக்கரை, பிரஷர் மாத்திரை எடுத்துக்கறவரா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை, ஏன்னா பேதி ஆகறப்ப சில மாத்திரைங்கள நிறுத்த சொல்லுவாங்க.

என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை 35 கிலோமீட்டர் ஓடிட்டு வருவார். பாவமேன்னு நெய் ஊத்தி வெண்பொங்கல், கொத்சு பண்ணி வெச்சா தட்ட தள்ளிட்டு சோபால படுத்துடறார். குமட்டுதாம். கோவமா வருது. – நங்கநல்லூர்

பொங்கல் மேல தப்பில்லம்மா, நேரம்தான் தப்பு. அவர் வீட்டுக்கு வந்துட்டார், அவர் ரத்தம் இன்னும் கால்லயும் தோல்லயும்தான் சுத்திகிட்டு இருக்கு, உடம்பு சூடும் எறங்கல, பசிய தூண்டற சுரப்பும் கடுமையா ஓடினா கொஞ்ச நேரம் அடங்கிடும். அந்த நேரத்துல நெய் வாசனையே போதும் குமட்ட. வந்ததும் உக்காராம அஞ்சு நிமிஷம் நடக்க சொல்லுங்க, அப்புறம் குளியல். சில்லுனு நீர்மோர் உப்பு போட்டு ஒரு டம்ளர், மடக்கு மடக்கா. அர மணி கழிச்சு கஞ்சியோ ஒரு வாழைப்பழமோ. அவர் ஒண்ணுக்கு போறாரா, பேச்சு நார்மலா இருக்கான்னு மட்டும் ஒரு கண்ணு வைங்க, ரெண்டும் சரின்னா கவலையே இல்ல. பொங்கல மூடி வெச்சிட்டு நீங்க சூடா சாப்பிடுங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு கிச்சன்ல பாத்திரம் உருள்ற சத்தம் கேக்கும், அது பூனை இல்ல.